ஹக்கீம் அஜ்மல் கான்

ஐரோப்பிய நாடுகளின் இருதய வைத்தியசாலைகளில் அஜ்மலின் என்றொரு மருந்து வழங்கி வருகின்றது. நோயாளியின் இரத்த நாளத்தில் சில நிமிஷ நேரத்துள் செலுத்தப்படும் அம்மருந்து, இருதயத்தின் தாறுமாறான துடிப்பை அடக்கவும், இருதயத்துள் மறைந்து கிடக்கும் ஒரு கொடிய குறையை வெளிப்படுத்தவும் பயன்படுவது. அதனைக் கையாளும் வைத்தியருட் பலர், அம்மருந்தின் பெயர் ஓர் இந்தியரின் பெயர் என்பதை அறியார். தில்லி நகரத்தில் யூனானி வைத்தியராய் வாழ்ந்து 1927-ம் ஆண்டில் மறைந்த ஹக்கீம் அஜ்மல் கானே அவ்விந்தியர். காங்கிரஸ் மகாசபைத் தலைவருள் ஒருவர் என்ற அளவில் நம்மவர் அவரை ஒருவாறு அறிவர். பழைய மூலிகைகளைப் புதிய இரசாயன சாஸ்திரத்தின் முன் நிறுத்திச் சோதிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர் என்பதும், அப்பிடிவாதத்தின் விளைவே அம்மருந்து என்பதும் நம் மாணவர் பலருக்குப் புதுச் செய்தியாய் இருத்தல் கூடும்.

அவர் 1868-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 11-ம் தேதி தில்லியிற் பிறந்தார். அவருடையது பரம்பரை வைத்தியக் குடும்பம். மொகலாயர் இந்நாட்டிற்கு வந்த காலத்தே அவருடன் வந்தவர் தம் முன்னோர் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாய்க் கூறிவந்த செய்தி. முன்னோருள் ஒருவரான ஷரீப் கான் என்பார் ஷா ஆலம் சக்கரவர்த்தியின் வைத்தியராய் விளங்கினார். அவர் பெயரால் அமைந்த ஷரீப் மன்ஸில் என்னும் மாளிகை தில்லியில் பல்லிமாரான் தெருவில் உள்ளது. 1857-ம் ஆண்டின் கலகத்தில் தில்லி பாழ்பட்டபோது அத்தெரு மட்டும் பெரிதும் தப்பியது. பாட்டியாலா மன்னருக்கு அக்குடும்பத்தார் வைத்தியராய் இருந்தமையால், மன்னர் தம் சேவகரை அனுப்பி அத்தெருவைக் காவல் செய்வித்தார். உருதுக் கவிஞர் காலிப் அக்காலத்தில் அத்தெருவிலேயே குடியிருந்தமையால் அவரும் பிழைத்தார். வைத்தியம் பல வகையில் உயிர் காப்பது போலும்!

இளமையிலேயே திருக்குர்ஆன் முழுவதையும் மனனம் செய்த அஜ்மல் கான், அரபு, பாரசீக நூல்களைக் கற்றபின் தந்தையாரிடமும் தமையன்மாரிடமும் வைத்தியம் பயின்றார். 1892-ம் ஆண்டில் ராம்பூர் நவாபின் தலைமை வைத்தியரானார். அங்கிருந்த பெயர் பெற்ற நூல்நிலையத்தின் ஏட்டுச் சுவடிகளோடு பழகும் வாய்ப்பும் அவருக்குக் கிட்டியது. தமையனாராகிய அப்துல் மஜீத் கான் தில்லியில் ஒரு யூனானி வைத்தியப் பள்ளியை முன்னரே தொடங்கி நடத்தி வந்தார். தமையன்மார் இருவரும் ஒருவர்பின் ஒருவராய் மறையவே, குடும்பத்தின் பொறுப்பும் பள்ளியின் பொறுப்பும் இளையவர் தலைமேல் விழுந்தன.

நாடி பார்ப்பதில் அவர் நிகரற்றவர் என்று வடநாட்டார் புகழ்வர். நம் தமிழ் நாட்டுச் சித்த வைத்தியர் மூன்று விரல்களை மணிக்கட்டில் வைத்து வாதம், பித்தம், சிலேத்துமம் என மூன்று நாடிகளைப் பகுத்துணர்வது போலவே, யூனானி வைத்தியரும் நாடியின் வேகம், வலிமை, சீர், இடைவெளி ஆகியவற்றைக் கொண்டு நோயை நிர்ணயிப்பர். தில்லியில் தம் வீடு தேடி வந்த ஏழைகளிடம் அவர் பணம் பெற்றதில்லை. வெளியூர்ச் செல்வர் அழைத்தால் நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய் வரை பெற்றார் என்பர். அப்பணத்திற் பெரும்பகுதி பள்ளிக்கே சென்றது. ஹிந்துஸ்தானி தவாகானா என்ற மருந்துச்சாலை ஒன்றை நிறுவி, அதன் இலாபத்தையும் கல்விக்கே உரிமையாக்கினார். 1909-ம் ஆண்டில் மருத்துவச்சிகளுக்கென ஒரு பள்ளி தொடங்கினார்.

அக்காலத்தில் நாட்டு வைத்தியத்திற்குப் பெரிய நெருக்கடி ஒன்று ஏற்பட்டது. ஆங்கில வைத்தியம் கற்றாரை மட்டும் பதிவு செய்யும் சட்டங்கள் மாகாணந்தோறும் எழலாயின. 1912-ம் ஆண்டில் பம்பாய் மாகாணத்தில் அத்தகைய சட்டம் ஒன்று நிறைவேறியது. வைத்தியரும் ஹக்கீமும் சட்டத்தின் பார்வையில் வைத்தியரே அல்லர் என்னும் நிலை வரும் போலிருந்தது. இதனை முன்னரே உணர்ந்த அஜ்மல் கான், ஹிந்துக்களின் ஆயுர்வேதத்தையும் முஸ்லிம்களின் யூனானியையும் ஒரே மேடையில் நிறுத்த 1910-ம் ஆண்டில் ஒரு மாநாட்டைக் கூட்டினார்.

ஆயினும் சட்டத்தை எதிர்த்தலோடு அவர் நின்றாரல்லர். நாட்டு வைத்தியரின் குறைகளையும் அவர் எடுத்துரைத்தார். உடற்கூற்றினை அறியாமலும், இரண சிகிச்சை பயிலாமலும், பழைய நூல்களை மட்டும் ஒப்புவித்துக் காலங்கழித்தல் தகாது என்பது அவர் கருத்து. அதனால் இரு திறத்தாரின் வெறுப்பிற்கும் ஆளானார். ஆங்கில வைத்தியர் அவரைப் பழமைவாதி என்றனர். பழைய ஹக்கீம்களோ, இப்னு ஸீனாவின் நூலில் இல்லாத எதைப் பிறர் கற்பிக்கப் போகின்றனர் என்று சீறினர். மூலிகையை முழுமையாய்க் கொடுத்தலே மரபு. அதனைக் கூறு கூறாய்ப் பிரித்து ஒரு சத்தை மட்டும் எடுத்தால் அது வைத்தியமாகாது, வாணிகமாகும் என்றாரும் உளர். இவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட இயலாது. ஏன் என்பது பின்னர்த் தெரியும்.

1911-ம் ஆண்டில் அவர் ஐரோப்பா சென்று இலண்டன், பாரிஸ், பெர்லின், வியன்னா முதலிய நகரங்களின் வைத்தியசாலைகளைக் கண்டார். இலண்டனில் சேரிங் கிராஸ் வைத்தியசாலையில் பணிபுரிந்து கொண்டிருந்த டாக்டர் அன்சாரி என்னும் இந்திய இளைஞர் அவருக்கு வழிகாட்டினார். ஆங்கு ஒரு நோயாளியின் வயிற்று நோயைப் பற்றி அவ்வைத்தியசாலையின் பெரிய சத்திர வைத்தியர் ஒன்று கூற, ஹக்கீம் வேறொன்று கூறினார் என்றும், வயிற்றைத் திறந்து பார்த்தபோது ஹக்கீமின் சொல்லே மெய்யாயிற்று என்றும் ஒரு கதை வழங்குகின்றது. அது முற்றும் மெய்யாயினும் ஆகாவிடினும், அப்பிரயாணத்தின் பயன் வேறு. பரிசோதனைச்சாலை என்பது எத்தகையது என்பதை அவர் தம் கண்ணாரக் கண்டு திரும்பினார்.

1916-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 29-ம் தேதி ஹார்டிஞ்சுப் பிரபு தில்லியில் ஆயுர்வேத, யூனானி திப்பியாக் கல்லூரிக்கு அஸ்திவாரக்கல் நாட்டினார். கட்டடம் முடிந்து கல்லூரியைத் திறந்து வைக்கும் நாள் வந்தபோது நாட்டின் நிலையே மாறியிருந்தது. அரசாங்கம் அளித்த பட்டத்தையும் பதக்கத்தையும் அஜ்மல் கான் 1920-ம் ஆண்டில் துறந்திருந்தார். மக்கள் தாமே அவருக்கு மஸீஹுல் முல்க் என்ற பட்டத்தைச் சூட்டினர். 1921-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் 13-ம் தேதி கல்லூரியைத் திறந்து வைத்தவர் காந்தியடிகள். ஒத்துழையாமை மும்முரமாய் நடந்த அந்நாளிலும், உதவி செய்த ஹார்டிஞ்சுத் தம்பதிகளின் உருவப்படங்களைத் திறந்து வைக்குமாறு காந்தியடிகளையே அவர் கேட்டுக்கொண்டார். காந்தியடிகளும் அவ்வாறே செய்தார். நன்றியையும் அரசியலையும் அவர் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளவில்லை.

அவ்வாண்டு செப்டம்பர் மாதத்திலேதான் காந்தியடிகள் நம் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது தம் பழைய உடையை நீக்கி அரையாடை புனைந்தார். டிசம்பர் மாதத்தில் ஆமதாபாத்தில் காங்கிரஸ் மகாசபை கூடியது. தலைவராய்த் தேர்ந்தெடுக்கப்பெற்ற சித்தரஞ்சன தாஸர் சிறையில் இருந்தமையால், அவருக்குப் பதிலாகத் தலைமை வகித்தவர் அஜ்மல் கானே. 1920-ம் ஆண்டில் தோன்றிய ஜாமியா மில்லியா இஸ்லாமியா என்னும் தேசியக் கலாசாலையின் முதல் வேந்தரும் அவரே. அது பணமின்றித் தத்தளித்த காலங்களில் தம் சொந்தப் பணத்தை ஈந்து அதனை நிலைநிறுத்தினார். அவருடைய அரசியல் வாழ்க்கையை விரிப்பின் பெருகும். அதனை எழுதினார் பலர் உளர்.

நம் சென்னை மாகாணத்திலும் அக்காலத்தே அதே வினா எழுந்திருந்தது. முகம்மது உஸ்மான் என்பார் தலைமையில் அரசாங்கத்தார் அமைத்த குழு, சித்தம், ஆயுர்வேதம், யூனானி ஆகிய மூன்றினையும் ஆராய்ந்து 1923-ம் ஆண்டில் அறிக்கை வெளியிட்டது. அதன் பயனாய்ச் சென்னையில் இந்திய வைத்தியப் பள்ளி ஒன்று தோன்றியது. பள்ளி அமைத்தல் ஒன்று, பரிசோதனைச்சாலை அமைத்தல் மற்றொன்று. அஜ்மல் கான் பின்னதையே விரும்பினார். அதற்குத் தக்க ஆளைத் தேடி, ஸலீமுஸ்ஸமான் ஸித்தீக்கீ என்னும் இளைஞரைக் கண்டார்.

ஸித்தீக்கீ அலிகாரில் தத்துவமும் பாரசீகமும் பயின்றவர். சித்திரம் தீட்டுவதில் வல்லவர். இலண்டன் சென்று, பின்பு ஜெர்மனியில் பிராங்க்பர்ட் சர்வகலாசாலையில் இரசாயனம் கற்று 1927-ம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். அவர் நாடு திரும்பியதும், திப்பியாக் கல்லூரியில் மூலிகை ஆராய்ச்சி நிலையம் அமைக்கும் பொறுப்பை ஹக்கீம் அவரிடம் ஒப்புவித்தார். அதன் பயனைக் காண ஹக்கீம் இருந்தாரல்லர். 1927-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ம் தேதி ராம்பூரில் இருதய நோயால் உயிர் நீத்தார். அவருக்கு இலண்டனில் வழிகாட்டிய டாக்டர் அன்சாரி, அவ்வாரத்திலேதான் சென்னையிற் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தார். ஆயிரக்கணக்கானோரின் நாடியைப் பார்த்தவரின் நாடி ஐம்பத்தொன்பதாம் வயதில் நின்றது.

ஆராய்ச்சி நிலையம் எடுத்துக்கொண்ட மூலிகை சர்ப்பகந்தி. பாம்புக்கடிக்கும், சித்தப்பிரமைக்கும், உறக்கமின்மைக்கும் நம் நாட்டார் நெடுங்காலமாய்ப் பயன்படுத்திய வேர் அது. பீகார்ப் பகுதியில் அதற்குப் பைத்திய மருந்து என்றே பெயர். 1931-ம் ஆண்டில் ஸித்தீக்கீயும் அவர் சகோதரரும் அவ்வேரிலிருந்து ஐந்து கசப்புச் சத்துக்களைப் பளிங்கு வடிவிற் பிரித்தெடுத்தனர். இரசாயனிகள் இவ்வகைப் பொருள்களை அல்கலாய்டு என்பர். ஐந்தனுள் மூன்றினுக்கு, இறந்த தம் ஆதரவாளரின் பெயரையொட்டி, அஜ்மலின், அஜ்மலினின், அஜ்மலிஸின் என்று பெயரிட்டனர். ஏனைய இரண்டும் செடியின் பெயரைப் பெற்றன.

இங்கேதான் பழைய ஹக்கீம்களின் ஆட்சேபம் நினைவிற்கு வருகின்றது. வேரைக் கொடுத்தால் நோயாளி அமைதியுற்று உறங்கினான்; இரத்த அழுத்தமும் தணிந்தது. அக்குணம் பிரித்தெடுத்த பளிங்குகளில் அகப்படவில்லை. ரிஸர்பின் என்னும் வேறொரு சத்து அவ்வேரில் ஒளிந்திருந்தது. அதனை 1952-ம் ஆண்டில் ஸ்விட்சர்லாந்து தேசத்தார் கண்டெடுத்தனர். முழு மூலிகையின் குணம் ஒரு சத்தில் அடங்காது என்றவர்களின் வாதத்தில் உண்மை இருந்தது. ஆயின் மறுபுறமும் ஓர் உண்மை உண்டு. முழு வேரைக் கொடுத்த காலமெல்லாம் எவரும் காணாத ஒரு குணம், தனித்த அஜ்மலினில் இருந்தது. 1950-களின் பிற்பகுதியில் ஜெர்மானிய வைத்தியர் அதனை இருதயத் துடிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். தடம் புரண்ட துடிப்பு சீர்ப்பட்டது.

எவ்வாறு சீர்ப்பட்டது? இதற்கு விடை காண வேண்டுமாயின், நாடியை விட்டு, நாடிக்குக் காரணமான இருதயத் தசையின் உயிரணுவுக்குள் செல்லல் வேண்டும்.

இருதயத் தசையின் உயிரணு ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரிற் பத்தில் ஒரு பங்கு நீளமுடையது. அதனைச் சுற்றி மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. மெல்லியது என்றால், ஒரு மில்லிமீட்டரை இரண்டு இலட்சம் கூறாக்கினால் வரும் ஒரு கூறு அளவே அதன் கனம். உயிரணு ஓய்ந்திருக்கும்போது சவ்வின் உட்புறம் வெளிப்புறத்தைவிட 90 மில்லிவோல்ட் அளவு எதிர்மின் நிலையில் இருக்கும். இது சிறு தொகை என்று தோன்றலாம். கைவிளக்கின் மின்கலத்தில் பதினாறில் ஒரு பங்குதான். ஆயினும் அச்சிறு அழுத்தம் அத்துணை மெல்லிய சவ்வின் குறுக்கே நிற்பதால், சென்டிமீட்டருக்கு 1,80,000 வோல்ட் என்ற கணக்காகின்றது. காற்றில் மின்பொறி பறக்கச் சென்டிமீட்டருக்கு 30,000 வோல்ட் போதும். நம் ஒவ்வொருவர் மார்புக்குள்ளும் இடிமின்னலை வெல்லும் விசை ஓசையின்றி நிற்கின்றது.

சவ்வில் சோடியம் அயனிகள் நுழைவதற்குரிய வாயில்கள் உள. அவை புரதத்தால் ஆயவை. அவற்றைக் கண்மாய் மடையோடு ஒப்பிடலாம். மதுரையைச் சுற்றிய சமவெளிகளில் கண்மாயையும் மடையையும் அறியாதார் இலர். சாதாரண மடைக்கு ஒரு பலகை, இம்மடைக்கோ இரண்டு. மின்னழுத்தம் உட்புறத்தில் சிறிது உயர்ந்தவுடன் முதற் பலகை தூக்கப்படும். சோடியம் வெள்ளமெனப் பாயும். உட்புறம் எதிர்நிலையிலிருந்து நேர்நிலைக்குத் தாவும். ஓர் ஆயிரத்திலொரு விநாடி கழிவதற்குள் இரண்டாம் பலகை உள்ளிருந்து வந்து அடைத்துவிடும். பின்னர் கால் விநாடி அளவு உயிரணு நேர்நிலையிலேயே நின்று, தசை சுருங்கி, மெல்ல மெல்ல 90 மில்லிவோல்ட் எதிர்நிலைக்குத் திரும்பும். அவ்வாறு திரும்பினாலன்றி இரண்டாம் பலகை விலகாது. ஆகவே மூடி ஓய்ந்த நிலை, திறந்த நிலை, அடைபட்ட நிலை என மடைக்கு மூன்று நிலைகள். எந்நிலை எப்போது என்பதைத் தீர்மானிப்பது மின்னழுத்தம் ஒன்றே. நரம்பிழையில் இவ்வியல்பினை ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் இரு ஆங்கில அறிஞர் 1952-ம் ஆண்டில் கணித வடிவில் நிறுவினர்.

அஜ்மலின் போன்ற மருந்துகள் உயிரணுவின் உட்புறத்திலிருந்து வந்து அம்மடையின் நடுத்துளையில் அமர்ந்து சோடியத்தைத் தடுக்கின்றன. எந்நேரமும் ஒரே அளவாய் அமர்வதில்லை என்பதே இதன் நுட்பம். மடை மூடி ஓய்ந்திருக்கையில் மருந்து உள்ளே செல்லல் அரிது. திறந்திருக்கையிலும் அடைபட்டிருக்கையிலும் அதன் பிடி வலிது. அஜ்மலினோ திறந்த மடையையே பெரிதும் நாடுவது. அன்றியும் இரத்தத்தில் கலந்த அஜ்மலின் பெரும்பாலும் நேர்மின்னேற்றம் உடையது. உட்புறம் நேர்நிலை அடைந்தபோது அந்நிலையே அதனைத் துளைக்குள் தள்ளுகின்றது. உட்புறம் எதிர்நிலைக்கு மீண்டபோது பின்னுக்கு இழுக்கின்றது. மருந்தின் அளவு இரத்தத்தில் மாறாதிருந்தும், ஒவ்வொரு துடிப்பிலும் அதன் பிடி ஏறியும் இறங்கியும் வருகின்றது. நாம் மருந்து என்றால் சீசாவில் உள்ள பொருளையே நினைக்கின்றோம். அதன் வலிமையிற் பாதி உயிரணுவின் மின்னழுத்தத்தில் உள்ளது.

இதனை முதலிற் சோதனையாற் காட்டியவருள் ஒருவர் ஸ்விட்சர்லாந்து தேசத்துப் பெர்ன் நகரத்து வைட்மன். 1955-ம் ஆண்டில் அவர் இருதயத்தின் மின்கடத்தும் இழையொன்றில் கொக்கேய்னைச் செலுத்தித் துடிப்பின் எழுச்சி குன்றுவதைக் கண்டார். பின்பு இழையின் அழுத்தத்தை மேலும் எதிர்நிலைக்குத் தள்ளினார். மருந்து அங்கேயே இருந்தும் எழுச்சி மீண்டது. 1977-ம் ஆண்டில் ஸியாட்டில் நகரத்தில் ஹில்லெ என்பவரும், ஸான் பிரான்ஸிஸ்கோவில் ஹாண்டகெம், கட்ஸங் என்னும் இருவரும், தனித்தனியே ஒரே முடிவிற்கு வந்தனர்: மருந்தின் இருப்பிடம் ஒன்றே, அவ்விருப்பிடம் மடையின் நிலைக்கேற்ப இறுகியும் தளர்ந்தும் பிடிக்கின்றது. 2020-ம் ஆண்டில், அதே இனத்தைச் சேர்ந்த பிளெக்கைனைடு என்னும் மருந்து இருதயத்தின் சோடிய மடையின் நடுவே அமர்ந்திருக்கும் தோற்றத்தை எலக்ட்ரான் நுண்பெருக்கியாற் படமாகவே எடுத்துவிட்டனர்.

இவ்வியல்பினால் விளையும் நன்மை பெரிது. இருதயம் நிதானமாய்த் துடிக்கும்போது, ஒரு துடிப்பில் பற்றிய மருந்து அடுத்த துடிப்பிற்குள் பெரும்பாலும் நழுவிவிடும். நிமிஷத்திற்கு 180 முறை அது தறிகெட்டு ஓடும்போதோ, நழுவுதற்கு அவகாசம் இல்லை, துடிப்பிற்குத் துடிப்பு அடைபட்ட மடைகள் பெருகும், ஓட்டம் தளரும். எங்கே வேகம் மிகுந்ததோ அங்கே மருந்தும் மிகுந்து பற்றும். இரத்தவோட்டம் குன்றிய தசையிலும் இவ்வாறே: ஆங்கு பொட்டாஸியம் வெளியே கசிந்து தேங்குவதால், ஓய்வு நிலையின் அழுத்தம் 90-லிருந்து 60 மில்லிவோல்ட் அளவிற்குத் தளர்ந்துவிடும். அத்தகைய உயிரணுக்களில் மடைகள் எளிதில் ஓய்வு நிலைக்கு மீளா. மருந்தின் பிடியும் தளராது. நலமுள்ள தசையை ஏறக்குறைய விடுத்து, நோயுற்ற தசையைத் தேடிப் பிடிப்பது போல அது தோன்றும்.

தீமையும் அதே வாயிலாகத்தான் வருகின்றது. நோயுற்ற தசையில் மருந்து அளவுக்கு மிஞ்சிப் பற்றினால், மின்னலை அங்கே மெல்லென ஊர்ந்து, சுற்றுவழியே திரும்பி வந்து, முன்னிலும் கொடிய குழப்பத்தை விளைக்கும். மாரடைப்பிற்குத் தப்பியவருக்குப் பிளெக்கைனைடும் எங்கைனைடும் கொடுத்து அமெரிக்க தேசத்தார் நடத்திய பெருஞ்சோதனையில், மருந்து உண்டவரே மிகுதியாய் இறந்தனர் என்பது 1989-ம் ஆண்டில் வெளிப்பட்டது. துடிப்பின் சிறு பிழைகள் மருந்தினால் மறைந்தன. உயிரும் உடன் மறைந்தது. அச்சோதனை நடவாதிருந்தால், நல்லது செய்கின்றோம் என்ற நம்பிக்கையில் வைத்தியர் இன்னும் எத்துணைப் பேருக்கு அம்மருந்துகளைக் கொடுத்திருப்பரோ!

அஜ்மலினின் இந்த இருமுகத்தன்மையே இன்று அதற்குத் தனிப்பயன் ஆயிற்று. 1992-ம் ஆண்டில் புருகாடா என்னும் சகோதரர் இருவர், வெளிக்கு எந்நோயும் இல்லாதிருந்தும் திடீரென இருதயம் நின்ற எட்டு நோயாளிகளை விவரித்தனர். இக்குறையுடையாருட் பலர் நடுவயது ஆடவர். இரவில் உறங்கச் சென்று காலையில் எழாதவர். பிலிப்பைன் தீவுகளிலும் தாய்லாந்திலும் இத்தகைய உறக்கச் சாவுகளைப் பேயின் செயல் என்று மக்கள் அஞ்சிவந்தனர். பலருக்குச் சோடிய மடையை வார்க்கும் பரம்பரைக் கூற்றில் பிழையிருப்பது 1998-ம் ஆண்டு முதல் தெரிய வந்தது. மடைகள் குறைந்தோ பழுதுற்றோ இருத்தலின் அவர் இருதயம் விளிம்பில் நிற்கின்றது. ஆயின் இருதய மின்வரைபடம் பல நாட்களில் குற்றமற்றதாகவே காட்டும்.

ஒரு குடும்பத்தில் தமையன் இவ்வாறு இறந்துபட, தம்பிக்கு அக்குறை உண்டா இல்லையா என்று எவ்வாறு அறிவது? ஐரோப்பிய வைத்தியர் அவனைப் படுக்கவைத்து, உடலின் எடையில் ஒரு கிலோகிராமுக்கு ஒரு மில்லிகிராம் வீதம் அஜ்மலினைச் சிறுகச் சிறுக நாளத்தில் செலுத்துவர். உள்ள சில மடைகளையும் மருந்து பற்றிக்கொள்ள, மறைந்திருந்த குறை மார்பின் வலப்புறத்து மின்வரைபடத்தில் தனி வடிவமாய்த் தோன்றும். தோன்றிய கணமே மருந்தை நிறுத்துவர். விபரீதம் நேரின் இருதயத்தை அதிரவைத்து மீட்கும் மின்கருவி பக்கத்தில் ஆயத்தமாய் இருக்கும். அக்கருவியின்றி இச்சோதனை செய்வது உயிரோடு விளையாடுவதாகும். குறை உண்டென்று தெளிந்து அபாயமும் மிக்கவருக்கு, மார்பின் தோலுக்கடியில் சிறிய மின்கருவி ஒன்றைப் பதித்துவிடுவர். சில நிமிஷங்களில் இரத்தத்தில் மருந்தின் அளவு குன்றி, மடைகளின் பிடி விடும்; தம்பி எழுந்து அமர்வான். முன்னர் ஹக்கீம் விரலால் தேடியதை இங்கு மருந்தே தேடுகின்றது.

கரோல்பாக்கில் திப்பியாக் கல்லூரி இருக்கின்றது. அதனருகே அஜ்மல் கான் வீதி என்று பெயர் பெற்ற கடைத்தெரு ஒன்றும் உண்டு. ஸித்தீக்கீ 1951-ம் ஆண்டில் பாகிஸ்தானம் சென்று, அங்கும் ஆராய்ச்சி நிலையங்களை அமைத்து, 1994-ம் ஆண்டு வரை வாழ்ந்தார். சர்ப்பகந்தியோ காடுகளில் வேரோடு பிடுங்கப்பட்டு அருகியதால், 1990-ம் ஆண்டு முதல் அதன் வெளிநாட்டு வாணிகம் சர்வதேச உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் உள்ளது. அதன் இனத்ததான பாம்புக்களா என்னும் செடி, அமெரிக்காவிலிருந்து வந்து நம் தமிழ் நாட்டுச் சமவெளிகளில் தானே பரவியது. கொத்துக் கொத்தாய்ச் சிறு காய் காய்த்து, பழுக்கும்போது கறுத்து, தரிசு நிலங்களிலும் வழியோரங்களிலும் நிற்பது. அதன் வேரிலும் அஜ்மலின் உண்டு.